மாவுப் பையில் ஒரு முகவரி

ஒரு கிலோ இட்லி மாவுப் பை. முன்பக்கம் ஆவி பறக்கும் இட்லிப் படம். பின்பக்கம் தயாரித்த தேதி, விலை, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண், அதற்குக் கீழே தயாரிப்பவரின் பெயர், முகவரி. முகவரியின் கடைசி வரியில் 'காலனி' என்று இருக்கிறது. இந்த ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் வியாபாரம் பாதிக்கும் கீழே போனது. இந்த வாரம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அக்கா என்றே சொல்வோம். பத்தாவது வரை படித்தவர். கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். மகளிர் குழுவில் 40,000 ரூபாய் கடன் எடுத்து, பத்து லிட்டர் கிரைண்டர் ஒன்று வாங்கினார். பகலில் அரிசியும் உளுந்தும் ஊற வைத்து, சாயங்காலம் அரைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பையில் அடைப்பார். ஆறு மணிக்குள் மெயின் ரோட்டு மளிகைக் கடைக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு 60 பை. பெயர் போடாத வெள்ளைப் பை. இரண்டு வருடம் ஊர்த்தெருவே அந்த மாவில்தான் இட்லி சுட்டது.

ஒரு நாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வந்தார். தயாரிப்பவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் மாவு விற்கக் கூடாது என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அக்கா பதிவு செய்துகொண்டார். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். புதுப் பை அச்சடித்தார். முதல் வாரத்திலேயே பைகள் விற்காமல் திரும்பி வந்தன.

கடைக்காரர் நல்லவர்தான். "மாவுல ஒரு குறையும் இல்லம்மா. அட்ரஸைப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிடுறாங்க. நான் என்ன பண்ணட்டும்? ஒண்ணு செய்யி. என் கடை அட்ரஸைப் போட்டுக்க. மொத்தத்தையும் நானே வித்துத் தர்றேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் படிப்பகத்துக்கு வந்து அக்கா கேட்டார்: "ரெண்டு வருசமா இதே மாவத்தானே தோழர் தின்னாங்க? இப்ப நான் என்ன செய்ய?"

நம்மிடம் உடனே பதில் இல்லை. பிள்ளைகள் படிப்பும் குழுத் தவணையும் அந்த மாவில்தான் இருக்கின்றன. 'விட்டுக் கொடுக்காதீங்க' என்று சொல்லிவிடலாம். தவணை கட்டப் போவது நாம் இல்லையே.

திட்ட அறிக்கையில் இல்லாத செலவு

நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் வருடத்துக்கு ஒருமுறையாவது தொழில்முனைவோர் கருத்தரங்கு நடக்கிறது. கோட்டு போட்ட ஒருவர் வந்து, "வேலை தேடாதீர்கள், வேலை கொடுங்கள். துணிந்து ரிஸ்க் எடுங்கள்" என்று பேசுவார். கைதட்டிவிட்டு வருகிறோம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் மாணவருக்கு ஒரு கேள்வி இருக்கும், கேட்க மாட்டார். ரிஸ்க் எடுத்துத் தோற்றால் திரும்பிப் போய் நிற்க அவருக்கு என்ன இருக்கிறது? அப்பாவின் கடையா, மாமாவின் ரைஸ் மில்லா, நான்கு ஏக்கர் நஞ்சையா?

தமிழ் படித்தவர்கள் 'தொழில்முனைவோர்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். முனைதல் என்றால் முன்னே நின்று முயல்வது. பழந்தமிழில் முனை என்பதற்குப் போர்முனை, பகைப்புலம் என்றும் பொருள் உண்டு. தொழில் தொடங்கும் எவருக்கும் சில முனைகள் உண்டு: முதல், சந்தை, போட்டி, கடன். இவற்றைத் திட்ட அறிக்கையில் எழுதலாம், கணக்குப் போடலாம். அக்கா சந்தித்த முனையை எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுத இடமில்லை. உளுந்து விலை ஏறும் என்று எழுதலாம். 'முகவரி தெரிந்தால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள்' என்று வங்கி மேலாளரிடம் எழுதிக் கொடுக்க முடியுமா?

உணவு என்று வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளிக்குச் சமையலராக வந்த அருந்ததியர் பெண், அங்கே சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடம் மாற்றியதுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகே மாற்றல் ரத்தாகி, தடுத்தவர்கள் மீது வழக்குப் பதிவானது. அரசுச் சம்பளத்தில், அரசுக் கட்டடத்தில், அரசு அரிசியைச் சமைத்தவருக்கே இந்த நிலை. சொந்தக் காசில் மாவு அரைப்பவர் யாரிடம் போய் நிற்பார்?

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். ஒருவர் ஒரு பையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனால் அதை வழக்காக்க முடியாது. ஆனால் ஊர் கூடி 'அவர்களிடம் வாங்காதே, விற்காதே, வேலை கொடுக்காதே' என்று கட்டுப்பாடு போட்டால், அது பொருளாதாரப் புறக்கணிப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாகத் தனியே சேர்த்திருக்கிறது. அப்படி ஒரு பேச்சு ஊரில் எழுந்தால் தேதி, இடம், பேசியவர் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

பங்குச் சந்தை ஆலோசகர் அம்பேத்கர்

அக்காவுக்கு நடந்தது புதிதல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இதே முகவரிச் சிக்கலைச் சந்தித்த ஒருவரை நமக்கு நன்றாகவே தெரியும். சட்டமேதை என்றும் தலைவர் என்றும் சொல்கிறோம். அவர் ஒரு தொழில் தொடங்கித் தோற்றவர் என்பதை அதிகம் பேசுவதில்லை.

அம்பேத்கர் 1913-இல் அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைத் தடியோடு வந்த கும்பல் வெளியேற்றியது. பம்பாய்க்குத் திரும்பினார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். மாணவர்களுக்குத் தனிப்பாடம் எடுத்தார். கூடவே, பங்குகள் வாங்கி விற்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆட்கள் வந்தார்கள். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வருவது நின்றது. நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று.

பின்னாளில் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் வாங்கியவர் அவர். பணத்தைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர்கள் அன்றைய பம்பாயில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் சொன்ன ஆலோசனை தவறு என்று யாரும் விலகவில்லை. படிப்பு இருந்தது, திறமை இருந்தது, துணிச்சலும் இருந்தது. கருத்தரங்கில் சொல்லும் எல்லாத் தகுதியும் இருந்தது. வாடிக்கையாளர் பார்த்தது முகவரியை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், தொழிலில் தோற்ற நம் பிள்ளைகள் பலர் 'எனக்குத் திறமை போதவில்லை' என்று தங்களையே குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். திறமைக் குறைவால் தோற்பதும் உண்டு. எல்லாத் தோல்வியும் அது இல்லை.

வேலை நம்முடையது, விலை யாருடையது?

நம் மக்களுக்குத் தொழில் தெரியாது என்று எவராவது சொன்னால் சிரித்துவிடலாம். தோல் பதனிட்டவர்கள், செருப்புத் தைத்தவர்கள், பறை கட்டியவர்கள், செங்கல் அறுத்தவர்கள், மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவர்கள், நாற்றங்கால் முதல் களம் வரை வயலை அறிந்தவர்கள் நாம். தொழில் எப்போதும் நம்மிடம் இருந்தது. இரண்டு உரிமைகள் மட்டும் நம்மிடம் இல்லை. வேலைக்கு விலை சொல்லும் உரிமை. வேண்டாம் என்றால் மறுக்கும் உரிமை.

சாவுக்குப் பறையடிக்க வரமாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்ட தெருக்கள் தமிழ்நாட்டில் எத்தனை! மறுக்க முடியாத வேலையைத் தொழில் என்று சொல்ல முடியாது. அது ஊழியம். களத்துமேட்டில் மற்றவர் அளந்து போடுவதை மடியில் வாங்கிப் போவது வியாபாரம் ஆகாது. அங்கே பேரம் இல்லை.

விலை சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் கீழ்வெண்மணியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள். தங்கள் உழைப்புக்குத் தாங்களே சொன்ன விலை அது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அன்று கீழத்தஞ்சைப் பண்ணையார்கள் நடத்திய சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள்: நெல் உற்பத்தியாளர் சங்கம். உழுதவர், நட்டவர், அறுத்தவர், அடித்தவர் எல்லாரும் சேரியில் இருந்தார்கள். உற்பத்தியாளர் என்ற பெயர் மட்டும் பண்ணை வீட்டில் இருந்தது.

இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் தொழில்முனைவோர் என்ற சொல்லுக்கு நமக்குப் பொருள் கிடைக்கிறது. எத்தனை லட்சம் புரள்கிறது என்பது அடுத்த விஷயம். தன் பெயரைச் சொல்லி, தன் பொருளுக்குத் தானே விலை வைத்து, கட்டுபடியாகாத இடத்தில் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர் எவரோ அவரே தொழில்முனைவோர். தள்ளுவண்டியில் கடலை வறுப்பவரும் அப்படி இருக்க முடியும். கோடிக் கணக்கில் வரவு செலவு இருந்தும் அப்படி இல்லாதவர்கள் உண்டு.

பெயர் உண்டு, தொழில் இல்லை

அவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். பெட்ரோல் பங்க் ஒதுக்கீட்டில் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 22.5 விழுக்காடு இடமுண்டு. ஒப்பந்தப் பணிகளிலும் மானியக் கடன்களிலும் நமக்கான திட்டங்கள் உண்டு. அறிவிப்பு வந்ததும் நம் தெருவைத் தேடி ஒருவர் கார் எடுத்துக்கொண்டு வருவார். "இடம் என்னது, பணம் என்னது. உன் பேரு மட்டும் போதும். மாசம் இவ்வளவு தந்துடறேன்" என்பார். பத்திரத்தில் கையெழுத்து, வங்கியில் கையெழுத்து, காசோலைப் புத்தகத்தில் வரிசையாகக் கையெழுத்து. பலகையில் நம் ஆள் பெயர். கல்லாவில் அவர் ஆள். கடன் கட்டாமல் போனால் நோட்டீஸ் வருவது நம் வீட்டுக்கு.

அக்காவிடம் தொழில் இருந்தது, பெயர் போட முடியவில்லை. இவர்களுக்குப் பெயர் இருக்கிறது, தொழில் இல்லை. இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு முகங்கள். நம் உழைப்பு வேண்டும்போது பெயரை மறைக்கச் சொல்கிறார்கள். ஒதுக்கீடு வேண்டும்போது பெயரை மட்டும் கேட்கிறார்கள். மாதம் வரும் சிறு தொகைக்காகக் கையெழுத்துப் போடும் உறவுகளைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்து, உண்மையிலேயே தொழில் செய்ய நினைக்கும் நம் தெருப் பிள்ளை ஒருவரின் இடத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறது என்பதை அவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அடமானத்துக்கு என்ன இருக்கிறது?

வங்கி கேட்கும் முதல் கேள்வி சொத்து. நம் மக்களுக்குச் சொத்து இல்லாமல் போனதற்கும் வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்க ஆணை வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. மற்றவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலத்தின் பெரும்பகுதி இன்று மற்றவர் கையில். அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீசார் சுட்டு இருவர் உயிரிழந்தார்கள். பத்திரம் இல்லாதவன் என்று இன்று வங்கியில் நம்மைத் திருப்பி அனுப்பும்போது, அந்தப் பத்திரம் எங்கே போனது என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும்.

அதற்காகக் காத்திருந்து காலத்தைக் கழிக்க வேண்டியதில்லை. இப்போது கையில் இருப்பதைத் தெரிந்துகொள்வோம். குறு, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேலாளர் அடமானம் கேட்டால், கேட்டதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், திட்ட மதிப்பில் 35 விழுக்காடு வரை மூலதன மானியம் உண்டு. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். வட்டியிலும் 6 விழுக்காடு மானியம். விண்ணப்பிக்க வேண்டியது மாவட்டத் தொழில் மையத்தில். தாட்கோ திட்டங்கள் தனி.

2016 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியலினத்தவருக்கோ பழங்குடியினருக்கோ 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. அதற்குத் தேவையான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஒன்றியத்தில் எத்தனை வங்கிக் கிளைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஸ்டாண்ட்-அப் திட்டத்தில் ஒவ்வொரு கிளையும் நம் மக்கள் எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தனிநபர் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வரும் பதில்களைத் தொகுத்து மன்றத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொரு ஆண்டை வேண்டாம்

2005-இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் இந்தியத் தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு, 'நம்மாலும் முதலாளி ஆக முடியும்' என்ற நம்பிக்கையைப் பலருக்குத் தந்தது. நொடித்துப்போன கமானி ட்யூப்ஸ் ஆலையை எடுத்து நிமிர்த்திய கல்பனா சரோஜ், காம்ப்ளே இருவருக்கும் 2013-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் வெற்றியில் நமக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் சிலரைக் காட்டி, 'இனி இடஒதுக்கீடு எதற்கு, அரசு வேலை எதற்கு, எல்லாரும் தொழில் தொடங்கலாமே' என்று பேசினால் அதை ஏற்க முடியாது. துப்புரவுப் பணியை ஒப்பந்தத்துக்கு விட்டு, நிரந்தர வேலையைப் பறித்துக்கொண்டு, மறுபக்கம் கடன் மேளா நடத்துவது விடுதலை ஆகாது. கடனும் வேண்டும், வேலையும் வேண்டும், நிலமும் வேண்டும்.

நம் ஆள் முதலாளி ஆனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். விலை சொல்லும் உரிமைக்காக உயிர் கொடுத்த மரபில் வந்தவர், தன்னிடம் வேலை செய்பவர் கூலி கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், பலகையில் பெயர் மாறியதைத் தவிர வேறென்ன நடந்தது? குறைந்தபட்சக் கூலி, சரியான நேரத்தில் சம்பளம், பெண்களுக்குச் சமக் கூலி. நம் தொழில்முனைவோரிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான்.

இரண்டு ரூபாய்

அக்கா என்ன செய்தார்? கடைக்காரர் முகவரியைப் போடவில்லை. "ரெண்டு வருசம் பேரில்லாம வித்தேன். இனி அடுத்தவன் பேர்ல விக்கணுமா?" என்றார். சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். இரவு டிபன் போடும் தள்ளுவண்டிக்காரர்களுக்கு மாவு புளிக்காமல் வேண்டும், நேரத்துக்கு வேண்டும். முகவரியை யாரும் படிக்கவில்லை. 60 பை 25 ஆகி, எட்டு மாதம் கழித்து இப்போது 45-இல் நிற்கிறது. இடையில் மூன்று தவணை தவறி, குழுப் பெண்கள் சேர்ந்து கட்டினார்கள். தாலிக்கொடியில் இருந்த இரண்டு குண்டுமணி அடகில் இருக்கிறது. பை அடைக்க ஒரு பெண் உதவிக்கு வருகிறார். சனிக்கிழமை சாயங்காலம் அவருக்குக் கூலி கையில் போய்விடுகிறது.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அக்காவிடம் சொன்னோம். சிரித்தார். "பேரு மாறட்டும் தோழர், நல்லதுதான். எந்தத் தெருன்னு அவங்களுக்குத் தெரியாதா? அச்சடிச்ச பையி இன்னும் ரெண்டு கட்டு கெடக்கு. அது தீரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்."

போன மாதம் உளுந்து விலை ஏறியது. ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தபோது நாமும் அங்கே இருந்தோம். "நாளையிலேருந்து பைக்கு ரெண்டு ரூவா கூடண்ணே. கட்டலைன்னா சொல்லிருங்க, வேற எடத்துக்குக் கொடுத்துக்கிறேன்" என்றார். அவர் கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு, "சரி, பத்து பை வச்சிட்டுப் போங்க" என்றார்.

அக்காவின் அம்மா களத்தில் நின்று அளந்து போட்டதை வாங்கி வந்தவர். அந்தக் குடும்பத்தில் விலை சொன்ன முதல் ஆள் அக்கா.